ஒருவனுக்கு மட்டும் ஒரு விமானம்

மகாவலிக்கு அப்பால், பொறியியற்பீடத்திற் பயிலும் என் சிங்கள நண்பன் ஒருவன் எஞ்சின் இல்லாத, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய கிளைடர் ஒன்றை வரைந்து வருகிறான். விற்பதற்கன்று, பரீட்சைக்குமன்று. அதைப்போல இரண்டாவது ஒன்று இருக்கப்போவதுமில்லை. கலைப்பீடத்தானாகிய எனக்கு அவ்வரைபடத்தில் முதலில் விளங்கியது, அது ஒரு மனிதனின் உடலிலிருந்து தொடங்குகிறது என்பதே.

இத்தகைய சிறு விமானத்தில் ஓட்டுபவனின் நிறை மொத்த நிறையிற் பெரும்பங்கு. அவன் இருக்கையோ இறக்கைக்குச் சற்று முன்னே. ஆகவே அவன் மெலிந்தால் ஈர்ப்புமையம் பின்னோக்கி நகரும்; விமானம் உறுதிநிலை இழக்கும். விடுதிச் சாப்பாட்டை நம்பி வாழ்பவன் விமானத்தின் மூக்கிலே ஈயக்கட்டி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்! இறக்கையின் உயிர் அதனுள்ளே நீளவாட்டில் ஓடும் சட்டம். பறக்கையில் அதன் மேற்புறம் நெருக்குண்ணும், கீழ்ப்புறம் இழுபடும்; உடலோடு பொருந்துமிடத்திலே அச்சுமை மிக அதிகம். அங்கே பசை சரியாகப் பிடிக்காவிட்டால் மற்றெல்லாக் கணக்கும் வீண்.

ஹந்தானை உச்சி எங்கள் வளாகத்திலிருந்து ஏறத்தாழ 600 மீற்றர் உயரம். ஒரு மீற்றர் இறங்குவதற்குள் 20 மீற்றர் முன்செல்லும் கிளைடர், அசைவற்ற காற்றில் அவ்வுயரத்தைக்கொண்டு 12 கிலோமீற்றர் செல்லும். தென்மேற்குப் பருவக்காற்று சரிவில் மோதி மேலெழும் நாட்களில் இறங்காமலே உலவலாம் என்கிறான். பருந்துகள் அதைத்தானே செய்கின்றன.

இந்நாட்டிலே தம் கையாற் சிறு விமானங்களை அமைத்துப் பறந்தவர் ரே விஜேவர்தன. அவர் 2010இல் மறைந்தார். நண்பனுக்கு அவரே ஆதர்சம். அவன் தந்தையாரோ 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளிற் கால்கடுக்க நின்றவர். பட்டம் பெற்றதும் மகன் வெளிநாடு சென்றுவிட வேண்டுமென்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை.

"அங்கே போனால் ஆயத்தமான கிளைடரையே வாங்கலாமே?" என்றேன்.

"அங்கே ஹந்தானை இல்லையே," என்றான்.

பெயரொன்று சொல்லும்படி என்னைக் கேட்டான். இந்தியாவின் சிவில் விமானத்துறை தான் வடிவமைத்த கிளைடர்களுக்கு அசுவினி, பரணி, கார்த்திகை, உரோகிணி, மிருகசீரிடம் என நட்சத்திரப் பெயர்களையே இட்டது. 1963இற் பறந்த ஒற்றை இருக்கைக் 'கார்த்திக்', எஸ். இராமாமிர்தம் வடிவமைத்தது. அவ்வரிசையில் அடுத்தது திருவாதிரை என்றேன். அவன் சிங்களத்தில் நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சிரித்தான். அவர்கள் அதை 'அத' என்பர்; அம்மொழியில் 'இன்று' என்பதற்கும் அதுவே சொல்.

இதுவரை அவன் ஒட்டுப்பலகையில் வெட்டி முடித்திருப்பது இறக்கையின் விலாச்சட்டம் ஒன்றுதான். அது அவன் கட்டிலின் கீழே கிடக்கிறது.