பென்ட்ரைவில் ஏறாத வீடியோ

அதிபரின் பிரியாவிடை வீடியோவை பென்ட்ரைவில் கொப்பி பண்ண மூன்று தரம் முயன்றோம். கோப்பு பெரிது என்றே வந்தது. 32 ஜிபியில் 20 ஜிபி காலி! பென்ட்ரைவ் பழுதென்று கடைக்காரரையும் ஏசிவிட்டோம், பாவம் மனுசன். விசயம் வேறு. ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்ததில் 4 ஜிபியைத் தாண்டிய தனிக் கோப்பு ஏறாது, எவ்வளவு இடமிருந்தாலும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும். ஆனால் ஃபோர்மட் பண்ணினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

அதில்தான் மௌத்தாகிப்போன எங்கள் கணித ஆசிரியரின் பாடக் குரல்பதிவுகள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. முதலில் அவற்றைக் கணினியில் போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டோம். யாரும் பேசவில்லை. பிறகுதான் ஃபோர்மட் பண்ணினோம்.

ஸேரிடம் படித்தவர்கள், பதிவுகள் வேண்டுமென்றால் பென்ட்ரைவோடு பாடசாலைக்கு வாருங்கள்.