வாகனம் எங்கள் பெண்களுக்கும் எட்டட்டும்

தோட்டத்துப் பெண்ணுக்கு வாகனம் எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் சமூகப் பணி செய்யும் நான் அவர்களுக்கு அந்தப் பாதையைத்தான் காட்டுவேன். மேல் டிவிசனிலிருந்து பஸ் வரும் இடத்திற்கு இறங்க ஒரு மணித்தியாலம் பிடிக்கிறது. இரவில் பிரசவ வலி கண்டால் தோட்டத்து லொறி கிடைக்க வேண்டும். இல்லையேல் யாருடைய முச்சக்கரவண்டியையாவது கெஞ்சிக் கேட்க வேண்டும். உயர்தரம் படிக்கும் பெண்பிள்ளை பின்நேர வகுப்பை விடுவதும் இந்தப் பாதைக்குப் பயந்துதான். இங்கே வாகனம் ஆடம்பரம் அல்ல.

அப்படியானால் ஏன் வாங்க முடிவதில்லை? சம்பளம் போதாது என்பது உண்மை. ஆனால் அது மட்டும் காரணமல்ல. கொழுந்து பறிக்கும் சகோதரி ஒருவருடன் லீசிங் நிறுவனமொன்றுக்குப் போயிருந்தேன். கணவரை இழந்தவர். முச்சக்கரவண்டி ஓட்ட அனுமதிப்பத்திரமும் எடுத்திருந்தார். முன்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி உழைக்கலாம் என்பது அவருடைய கணக்கு. முதலில் வதிவிட அத்தாட்சி கேட்டார்கள். லயத்து வீட்டுக்கு உறுதி இல்லை, மின்பட்டியல் அவர் பெயரில் இல்லை, கடிதம்கூடத் தோட்டக் காரியாலயம் ஊடாகவே வருகிறது. அடுத்து, நிரந்தரச் சம்பளம் பெறும் இரண்டு பிணையாளிகள். அவருடைய உறவினர் எல்லோரும் நாட்சம்பளக்காரர். கடைசியில், “வீட்டில் ஆம்பிளை யாரும் இல்லையா?” என்றார்கள். அவர் பதில் சொல்லாமல் எழுந்துவிட்டார்.

இது ஓர் அலுவலரின் குணத்தோடு முடியும் விடயமல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட சமூகம் இது. எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. வாக்குரிமை வந்தபோதும் காணியும் தனி விலாசமும் பலருக்கு இன்னும் வரவில்லை. காணி இல்லாதவரிடம் ஈடு இல்லை. ஈடு இல்லாதவருக்குக் கடனும் இல்லை. 2017இல் மத்திய வங்கி, புதிய முச்சக்கரவண்டிக்கு அதன் பெறுமதியில் 25 வீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது என்று விதித்தது. மீதி 75 வீதத்தையும் கையில் வைத்திருக்கும் கொழுந்துக்காரியை நான் கண்டதில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வண்டிகளின் விலையும் ஏறிவிட்டது. 2025இல் தடை நீங்கியும் எங்களவர்க்கு வழி திறக்கவில்லை.

மின்சார வாகனம் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டபோது தோட்டத்து முச்சக்கரவண்டிகள் ஓய்ந்து நின்றதைப் பார்த்த எனக்கும் அதில் ஆசை உண்டு. ஏற்றத்தில் பற்றரி வேகமாகக் குறைந்தாலும் இறக்கத்தில் மோட்டாரே கொஞ்சம் சக்தியைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் பழைய வயரும் பங்கு இணைப்பும் உள்ள லயத்தில் இரவு முழுதும் அதற்கு எப்படி சார்ஜ் ஏற்றுவது? பாவித்த வண்டியை மலிவாக வாங்கினால் பற்றரி தேய்ந்திருக்கலாம். மாற்றும் செலவு வண்டியின் விலையையே எட்டிப்பிடிக்கும். ஆகவே வீட்டுக்கொரு மின்மானியும் பற்றரிக்கு எழுத்தில் உத்தரவாதமும் இல்லாமல் மின்சார வாகனத் திட்டம் என்பது நகரத்து வசதிக்காரரோடு நின்றுவிடும்.

அந்தச் சகோதரி சோர்ந்துவிடவில்லை. சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றார்கள். அந்தக் கடனோடு சீட்டுக் காசையும் சேர்த்து, பாவித்த பெற்றோல் முச்சக்கரவண்டி ஒன்றை வாங்கினார். பதிவுப் புத்தகத்தில் அவருடைய பெயரே இருக்கிறது. லீசிங் வண்டியென்றால், கடைசித் தவணை முடியும்வரை முழு உரிமையாளர் நிறுவனம்தான்.

இது தனியொருவரின் அதிர்ஷ்டமாக நின்றுவிடக் கூடாது. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை வதிவிட அத்தாட்சியாக ஏற்கட்டும். பெண்களின் குழுப்பிணையை வாகனக் கடனுக்கும் அனுமதிக்கட்டும். வாசக சகோதரிகளே, உங்கள் வீட்டில் வாகனம் வாங்கும்போது உழைத்துத் தவணை கட்டப்போவது யார் என்று கேளுங்கள். அவருடைய பெயரிலேயே பதியச் சொல்லுங்கள்.