சார்ஜ் எவ்வளவு அண்ணாச்சி?

திருநெல்வேலிக்காரனிடம் இல்லாத பொருள் என்று அதிகம் கிடையாது. அல்வா இருக்கிறது, ஆறு இருக்கிறது, சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் ஆளுக்கொரு அரிவாளும் இருப்பதாக வெளியூரில் நம்புகிறார்கள். இல்லாத ஒரே வஸ்து ஏர்போர்ட்!

விமானம் பிடிக்க எங்களுக்கு மூன்று வழி. மதுரை ஒன்று, திருவனந்தபுரம் ஒன்று. இரண்டும் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மூன்றாவது, பக்கத்து வீட்டுக் கிணறு மாதிரி வாகைக்குளம். பெயர் தூத்துக்குடி விமான நிலையம். ஆனால் பாளையங்கோட்டையில் எங்கள் வாசலில் இருந்து 35 கிலோமீட்டர்தான். 1992-ல் திறந்தது. ரொம்ப காலம் ஓடுதளம் 1,350 மீட்டர்தான் என்பதால், விசிறி வைத்த சின்ன விமானங்கள் மட்டும் வந்து இறங்கும். இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலை 26 அன்று பிரதமர் வந்து புது டெர்மினலையும் திறந்து வைத்தார்.

எல்லாம் சரி, அந்த 35 கிலோமீட்டரை எப்படித் தாண்டுவது என்பதில்தான் இந்தக் கட்டுரை.

2025 ஆவணி மாசக் கடைசி. அப்பாவுக்கு இரண்டு தடவை தலை சுற்றியது. டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தார். "இதயம் நிமிஷத்துக்கு 40 தடவைதான் அடிக்குது. பேஸ்மேக்கர் வைக்கணும்" என்றார். சென்னையில் இருக்கும் அக்கா, "இங்கயே கூட்டிட்டு வந்துரு, நான் பாத்துக்கிடுதேன்" என்று போனிலேயே அழுதாள். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் 84. ராத்திரி முழுக்க பஸ்ஸில் ஆட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விமானத்துக்கு மட்டும் தலையாட்டினார். 74 வயதில் அப்பாவுக்கு முதல் விமானம்!

அப்பாவுக்கு டீசல் வாசனை ஆகாது. டாக்சியில் ஏறி வண்ணாரப்பேட்டை தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழத்தைத் தேடுவார். "கரண்ட்டு காரு வாடகைக்கு வருதாம்லா, அதுல போவமா?" என்று அவரே கேட்டார். கேட்க மாட்டாரா பின்னே? பாபநாசம் பவர் ஹவுஸில் 34 வருஷம் வேலை பார்த்தவர். 1944-ல் இருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் இறக்கி 32 மெகாவாட் வரைக்கும் கரண்ட் எடுக்கிற இடம். பேப்பர் வந்தால் தலைப்புச் செய்தி அப்புறம். முதலில், 143 அடி பாபநாசம் அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று பார்ப்பார்.

நான் மொபைலில் ஓர் ஆப்பைத் திறந்து 'எலக்ட்ரிக் செடான், விமான நிலையம், காலை' என்று தட்டினேன். அழகான வெள்ளைக் கார் படம் வந்தது. முன்பணம் கேட்டது, கட்டினேன். "மகிழ்ச்சியான பயணம்!" என்று வாழ்த்தியது. முந்தின நாள் ராத்திரி 9 மணிக்கு இன்னொரு செய்தி: 'தவிர்க்க இயலாத காரணத்தால் உங்கள் பயணம் ரத்து. முன்பணம் 7 வேலை நாட்களில் திரும்பக் கிடைக்கும்.' கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். இந்தியில் பாட்டு வந்தது.

நான் பி.காம். 'உள்ளே வருவது டெபிட், வெளியே போவது கிரெடிட்' என்று படித்தவன். பணம் போயிற்று, கார் வரவில்லை. இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் சொல்லித்தரவில்லை.

பக்கத்து வீட்டு சார் நல்லவர். "என்கிட்டயே எலக்ட்ரிக் கார் இருக்கே, பெட்ரோலுக்குக் கொடுக்கிறதை எனக்குக் கொடுங்க" என்றார். அங்கேதான் எனக்கு நம்பர் பிளேட் பாடம் ஞாபகம் வந்தது. மின்சாரக் கார் எல்லாவற்றுக்கும் பச்சைப் பலகைதான். எழுத்து வெள்ளையாக இருந்தால் சொந்த உபயோகம். மஞ்சளாக இருந்தால் வாடகை. வெள்ளை எழுத்து வண்டியில் காசு கொடுத்துப் போய் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். சாருக்கு நன்றி சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு சமாதானபுரம் பக்கம் நடந்தேன்.

டீக்கடை வாசலில் ஒரு கார் நின்றது. பச்சைப் பலகை, மஞ்சள் எழுத்து! டீ குடித்துக்கொண்டிருந்தவர்தான் ஓனர், டிரைவர் எல்லாம்.

"அண்ணாச்சி, காலைல வாகைக்குளம் போகணும். சார்ஜ் எவ்வளவு?"

"இப்ப 42 பர்சென்ட் இருக்கு தம்பி. ராத்திரி போட்டா விடியுமுன்ன நூறு ஆயிரும்."

"அதில்ல அண்ணாச்சி... துட்டு!"

"அதுவா? 1,200. டோல் நம்ம கணக்கு."

இரண்டு சார்ஜுக்கும் பதில் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆப்பில் துட்டு சார்ஜ் மட்டும்தான் போட்டிருந்தது. வண்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் டீயைக் கீழே வைத்துவிட்டு, "அஞ்சரைக்கு வரச் சொன்னியன்னா அஞ்சேகாலுக்கு நிப்பேன். முன்பணம்லாம் வேண்டாம்" என்றார்.

சொன்ன மாதிரியே 5.15-க்கு வாசலில் கார். வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தெரு நாய்கூடக் குரைக்க மறந்து எழுந்து நின்று பார்த்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் சார்ஜ் போடும் மூடியைத்தான் பார்த்தார்.

"வீட்ல 15 ஆம்ப்ஸ் பிளக்லயா போடுதீரு?"

"ஆமா ஐயா. எட்டு, ஒம்பது மணி நேரம் ஆவும்."

"எர்த் ஒழுங்கா இருக்கா?"

"ரெண்டு குழி வெட்டிப் போட்டிருக்கேன்யா."

அப்பா முகத்தில் திருப்தி. என்னிடம் அந்த முகத்தை அவர் காட்டியது நான் பி.காம். பாஸ் பண்ணிய அன்றைக்குத்தான். அம்மா திருநீறு பூசிவிட்டாள். "தம்பி, மெதுவா போங்க" என்று டிரைவரிடம் சொன்னவள், அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

கே.டி.சி. நகர் தாண்டி நாலு வழிச்சாலை பிடித்தோம். இடது, வலது என்று வயலும் வாழையும். முறப்பநாடு வந்தது. நவகைலாயங்களில் குரு ஸ்தலம். அப்பா உட்கார்ந்தபடியே கும்பிட்டார். அடுத்து தாமிரபரணிப் பாலம். விடிகிற வெளிச்சத்தில் ஆறு ஈயத் தகடு மாதிரி கிடந்தது.

"அவ்வளவு தண்ணியும் நம்ம டர்பைன்ல சுத்திட்டு வந்ததுதாம்லே" என்றார் அப்பா.

பாலம் தாண்டினால் வல்லநாடு. ரோட்டோரக் குன்றும் முள்காடும் 1987-ல் இருந்து வெளிமான் சரணாலயம். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தோம். மான் ஒன்றும் தரிசனம் தரவில்லை. வாயைத் திறந்தது டிரைவர்தான்.

"டீசல் வண்டிய வித்துட்டுத்தான் ஐயா இத எடுத்தேன். மாசம் பத்தாந் தேதி தவணை. பொண்டாட்டி கம்மல் பேங்க்ல இருக்கு. 'சத்தமில்லாத வண்டிய நம்பிச் சத்தமில்லாம தெருவுக்கு வரப்போறோம்'னா. கட்டுபடியாகுமான்னு எனக்கே ஆறு மாசம் தூக்கமில்ல."

பி.காம். மூளை சும்மா இருக்குமா? மனசுக்குள் கணக்குப் போட்டேன். நீங்களும் சரிபாருங்கள்.

டீசல் லிட்டர் 93 ரூபாய், 18 கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 5 ரூபாய்க்கு மேல். இந்தக் கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர். வீட்டில் யூனிட் 8 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம். மிச்சம் 4 ரூபாய். தினம் 100 கிலோமீட்டர், மாசம் 25 நாள் ஓடினால் 10,000 ரூபாய் கையில் நிற்கும்.

ஆனால் ஒரு கொக்கி! வழியில் பாஸ்ட் சார்ஜரில் யூனிட்டுக்கு 20 ரூபாய் கொடுத்துப் போட்டால் அதே கிலோமீட்டர் 3 ரூபாயை நெருங்கிவிடும். லாபம் பாதியாகக் கரைந்துவிடும். அத்தோடு ஒரு மணி நேரம் காத்துக்கிடக்க வேண்டும். அதனால்தான் டிரைவர், "மதுரை, திருவனந்தபுரம்னா யோசிப்பேன். வாகைக்குளம்னா கண்ண மூடிட்டு வருவேன்" என்றார். போக வர 70 கிலோமீட்டர். வீட்டுக் கரண்டிலேயே போய், வீட்டுக்கே திரும்பிவிடலாம். நெல்லைக்கும் இந்த ஏர்போர்ட்டுக்கும் நடுவே உள்ள தூரம், மின்சாரக் காருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை.

கம்பெனி சொல்லும் கிலோமீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளை சம்பளம் மாதிரி. ஏ.சி., வேகம், நாலு பெட்டி எல்லாம் பிடித்தம் போகக் கைக்கு வருவதுதான் நிஜம். ஒரே ஒரு சந்தோஷம், பிரேக் போட்டால் கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்கே திரும்பி வருகிறது. செலவு செய்யும்போதே வரவு வைக்கிற இந்த ஏற்பாடு எங்கள் பாடப் புத்தகத்தில்கூடக் கிடையாது.

"இப்ப ஓடுதது காத்துக் கரண்டுதான, ஐயா? கயத்தாறு, முப்பந்தல்ல எல்லாம் காத்தாடி நிக்காம சுத்துதே" என்றார் டிரைவர்.

அப்பா சிரித்தார். தலை சுற்றிய நாளில் இருந்து அன்றுதான் சிரித்தார்.

"கிரிட்ல விழுந்த கரண்டுக்கு ஜாதகம் கிடையாது தம்பி. கூடங்குளத்துல ஆயிரம் மெகாவாட் மிஷின் ரெண்டு ஓடுது. தூத்துக்குடில 1,050 மெகாவாட்டுக்கு நிலக்கரி எரியுது. காத்தும் இருக்கு, பாபநாசத்துத் தண்ணியும் இருக்கு. எல்லாம் ஒண்ணா கலந்துதான் உம்ம பிளக்குக்கு வருது. புகை இல்லேன்னு சொல்லாதயும். புகை நம்ம மூக்குகிட்ட இல்ல, அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அதுல ஒரு சொட்டு நான் சுத்திவிட்டதும் இருந்திருக்கும்" என்றார்.

ரிட்டயர் ஆகி 16 வருஷம் ஆகிறது, எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. டிரைவரும் கேட்கவில்லை.

டீசல் கார் இருந்த இடத்தில் கரண்ட் கார் வருவது இனி நிற்காது. தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனி 400 ஏக்கரில் மின்சாரக் கார் தொழிற்சாலை போட்டு, 2025 ஆகஸ்ட் 4 அன்று முதல்வர் திறந்தும் வைத்துவிட்டார். ஆரம்பத்திலேயே வருஷத்துக்கு 50,000 கார் செய்ய முடியுமாம். உப்பு ஏற்றிய ஊர் கார் ஏற்றப்போகிறது. ஆனால் 50,000 கார் வந்தாலும், ராத்திரி 9 மணிக்கு டீயைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிற ஆளை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியாது.

எனவே, கரண்ட் கார் பிடிக்கப்போகும் நண்பர்களுக்கு என் சொந்தச் செலவில் கற்ற பாடம். எழுத்து மஞ்சளா என்று பாருங்கள். டோல், காத்திருப்புக் கட்டணம் உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். கிளம்பும்போது எத்தனை பர்சென்ட் இருக்கும், திரும்பும் வழியில் எங்கே சார்ஜ் போடுவார் என்று கேளுங்கள். முந்தின நாள் சாயங்காலத்துக்குள், வரப்போகிற டிரைவரோடு நேரில் இல்லாவிட்டால் போனிலாவது பேசிவிடுங்கள். குரல் கேட்காத கார் வாசலுக்கு வந்தால்தான் நிஜம்.

வாகைக்குளத்தில் இறங்கினோம். எலுமிச்சம்பழம் அப்பா பையிலேயே இருந்தது. மீட்டரை எட்டிப் பார்த்தார். 81 பர்சென்ட்.

"திரும்பி வாறதுக்குக் காணும்லா?" என்றார். வண்டியைத்தான் கேட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"தாராளமாக் காணும் ஐயா. நீங்க வாற அன்னைக்கும் நாந்தான் வருவேன். இங்கனயே நிப்பேன்" என்றார் டிரைவர்.

மூன்று வாரம் கழித்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். சொன்ன இடத்தில் அதே கார். அப்பா கொஞ்சம் இளைத்திருந்தார், ஆனால் நடை சுறுசுறுப்பு. ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வி.

"சார்ஜ் எவ்வளவு தம்பி?"

"அதே 1,200-தான் ஐயா."

"துட்டு இல்லவே, பேட்டரி!"

"80 இருக்கு. உங்களுக்கு எப்படி ஐயா?"

அப்பா இடது தோளுக்குக் கீழே சட்டையைத் தட்டிக் காட்டினார். "எனக்கும் பேட்டரிதான் வச்சிருக்கான். பத்து வருசத்துக்கு சார்ஜே போட வேண்டாமாம்."

டிரைவர் பெருமூச்சு விட்டார்.

"பத்து வருசமா! எனக்கு எட்டு வருசந்தான்யா வாரண்டி."