கம்பத்தடியில் நின்ற கால்

சித்தப்பாவை நினைத்தாலே நனைத்து வைத்த பீடி இலையின் வாசனைதான் வரும். ஆலங்குளம் பக்கத்தில் எங்கள் தெருவில் மத்தியானம் ஆனால் திண்ணை தோறும் பெண்கள் மடியில் சுளகோடு உட்கார்ந்துவிடுவார்கள். இலை கத்தரிக்கும் சத்தம், தூளின் காட்டம், ஊர்ப்பேச்சு. சித்தி சுற்றும் பீடி கம்பெனிக்குப் போகும். மிச்சத் தூளில் சுற்றியது சித்தப்பாவின் சட்டைப் பைக்கு.

சந்தைக்குப் போகும்போது அவர் நின்று நின்றுதான் போவார். டீக்கடை வாசலில் போஸ்டர் பார்ப்பார். கரண்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே வருபவரிடம் மழையை விசாரிப்பார். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், சற்று நின்றால் விட்டுவிடும். வீட்டில் வாயு என்றார்கள். நாற்பது வயதுகூட ஆகாத மனிதர்.

நடக்கும்போது தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். குழாய் அடைத்திருந்தால் அது வந்து சேராது, வலிக்கும். அடைப்பு முற்றினால் சும்மா படுத்திருக்கும் காலுக்கே ரத்தம் பற்றாது. ராத்திரி முழுக்க அவர் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது அதனால்தான். தொங்கவிட்டால் ரத்தம் கொஞ்சம் கீழே இறங்கும், வலி மட்டுப்படும்.

சித்தி பாசத்தோடு உப்பு ஒத்தடம் கொடுத்தாள். ரத்தமில்லாத தோல் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. கொப்புளம் புண்ணாகி, கட்டைவிரல் கறுத்தது.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலைப் பார்த்ததும் பீடியைத்தான் விசாரித்தார். "பீடி வேணுமா, கால் வேணுமா? ரெண்டையும் கேக்காதீங்க அண்ணாச்சி." சித்தப்பாவுக்கு வந்தது, 1908இல் நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற மருத்துவர் வெட்டியெடுத்த கால்களின் ரத்தக்குழாய்களைச் சோதித்து எழுதிய நோய். புகையிலைப் பழக்கமுள்ள இளவயதினரின் கைகால்களில் சிறிய, நடுத்தரக் குழாய்களை அடைப்பது. புகையிலையை அடியோடு விட்டால் பெரும்பாலும் கால் தப்பும். குறைத்துக்கொள்கிறேன் என்பது இங்கே செல்லாது. சித்தப்பா ஆஸ்பத்திரியில் விட்டார், ஊர்க் கொடையில் மறுபடி தொட்டார். பீடி சுற்றித்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. கைக்கெட்டும் தூரத்தில் அது எப்போதும் இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே. முட்டி மிஞ்சினால் செயற்கைக் காலோடு நடப்பதற்கு உழைப்பு வெகுவாகக் குறையும். அதற்காகவே சர்ஜன்கள் முட்டியைக் காப்பாற்றப் போராடுவார்கள். வெட்டிய இடம் ஆறவும் ரத்தம் வேண்டுமே. அது ஓடாத காலுக்குத் தொடையில்தான் வெட்டு.

"ஏலே, கட்டைவிரல் அரிக்குதுலே" என்பார் சித்தப்பா, இல்லாத காலைக் காட்டி. மூளை அந்த விரலை விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கே சுற்றினாலும் என் மனசு அந்தக் கரண்டு கம்பத்தடிக்கே போகிறது. கால் போனது ஆப்பரேஷன் தியேட்டரில் என்று ஊர் சொல்லும். அது போகத் தொடங்கியது அந்தக் கம்பத்தடியில்தான். அங்கே நின்ற நாளில் ஒருவர் அவர் புறங்காலில் விரல் வைத்து நாடி பார்த்திருந்தால் போதும்.

இப்போது கால் இழப்பவர்களில் சர்க்கரை நோயாளிகள் ஏராளம். அவர்கள் பாடு இன்னும் மோசம். நரம்பு மரத்துவிடுவதால், நிற்க வைக்கும் அந்த வலிகூடச் சிலருக்கு வராது. செருப்பு கடித்தது தெரியாது, முள் தைத்தது தெரியாது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். நேரத்தோடு கண்டுபிடித்தால், பலருக்குப் பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ ரத்தத்தை ஓட வைக்கலாம்.

உங்கள் வீட்டில் யாராவது நின்று நின்று நடந்தால், வாயு என்று விட்டுவிடாதீர்கள். ஒத்தடம் கொடுக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். பீடியோ சிகரெட்டோ இருந்தால் இன்றைக்கே விடச் சொல்லுங்கள். டாக்டரிடம் போனால், காலிலும் நாடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.