புலவர் பொய் உரைத்தாரா?

நாங்கள் மாணவராயிருந்த காலத்தில் அணியிலக்கணம் எங்களுக்கு மதிப்பெண் தரும் பாடமாகவே இருந்தது. ‘மதிமுகம்’ உவமை, ‘முகமதி’ உருவகம் என மனப்பாடம் செய்து எழுதித் தேர்ச்சியும் பெற்றோம்.

ஒருநாள் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். கேட்டிருந்த பெரியவர் ஒருவர், “அரபு நாட்டில் இத்தனை ஆறும் நெல்வயலும் ஏது தம்பி? நாயகத்தின் வரலாற்றில் புலவர் பொய் உரைக்கலாமா?” என்று வினவினார். விடை தெரியாது தலைகுனிந்தோம்.

விடை எங்கள் பாடநூலிலேயே இருந்தது. மலை, கடல், நாடு, நகர் முதலியவற்றின் வருணனையைப் பெருங்காப்பியத்தின் இலக்கணமாகத் தண்டியலங்காரம் வகுத்துள்ளது. 17ஆம் நூற்றாண்டினரான உமறுப்புலவர் அம்மரபை ஏற்றுப் பாடினார். தமிழ்ச் செவிக்கு வளம் என்றால் மருதமே. ஆகவே, நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணின் பெருமையை மருதத்தின் மொழியிலே உரைத்தார். வருணனையை வரலாற்றுச் செய்தியாகக் கொள்வது படிப்போர் பிழையேயாகும்.

மறுவாரம் இதனைக் கூறியபோது பெரியவர் சற்று நேரம் சிந்தித்தார். பின்னர், “அப்படியானால் மேலே படியுங்கள்” என்றார்.

இலக்கணப் பெயர்கள் வினாத்தாளுக்கு மட்டும் உரியன அல்ல. நூலையும் ஆக்கியோனையும் வீண்பழியினின்று காப்பன என்பதை அன்றே உணர்ந்தோம்.