வாடகை வீட்டு முகவரி

களனி கங்கையைக் கடந்து வத்தளைக்குக் குடிபெயர்ந்த கொட்டாஞ்சேனைத் தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்றின் தலைவர் அவர். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடையொன்றிற் கணக்கெழுதுபவர். வரவையும் செலவையும் ஒரு சதமும் பிசகாமற் பொருத்திக் காட்டும் அவரால், ஐம்பது வயதைக் கடந்த பின்னரும், தாம் எங்கே வாழ்கிறார் என்பதை மட்டும் எழுத்தில் நிறுவ முடிந்ததில்லை.

1971 இல் கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றின் இரண்டறை வீட்டில் அவர் பிறந்தார். அடுத்த ஆண்டு 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் நிறைவேறியது. அதற்கடுத்த ஆண்டு வந்த வீட்டாதன உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு எல்லை வகுத்தது. நினைத்த மாத்திரத்தில் எவரும் தம்மை எழுப்ப முடியாதென்று அறிந்த நாளில் அவருடைய தந்தையார் அடைந்த நிம்மதி பெரிது. ஆனால் வாடகை உயராத வீட்டைச் செப்பனிட எந்தச் சொந்தக்காரர் முன்வருவார்? ஓடு உடைந்தாலும் சுவர் வெடித்தாலும் அவர் அப்பக்கம் தலைகாட்டுவதில்லை. பின்னர் வாடகைப் பணத்தை வாங்கவும் மறுத்துவிட்டார். தந்தையார் அதனை மாதந்தோறும் மாநகர சபையிற் கட்டி, பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கற் தகரத்தில் அடுக்கி வைத்தார். மாரியில் வீடு முழுவதும் ஒழுகும். அந்தத் தகரத்தின்மீது மட்டும் ஒரு துளியும் விழாதபடி அம்மா பார்த்துக்கொள்வார்.

அந்நாளில் அவர் கொழும்பு வாசி என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. 1990 இல் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியபோது அதுவே அவருக்கு வினையாயிற்று. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தலாக வந்து, 1974 இல் மாவட்டப் பங்கீடாக உருமாறி, பல திருத்தங்களோடு இன்றும் நிலைத்திருக்கும் முறையின்கீழ், கொழும்பு மாவட்டத்திற்கு வேண்டப்பட்ட புள்ளியை அவர் சிறிதளவில் எட்டவில்லை. பின்தங்கிய மாவட்டமொன்றில் அதே புள்ளி வணிகத்துறைக்குப் போதுமாயிருந்திருக்கும். ஒழுகும் கூரையின்கீழ்க் குப்பி விளக்கிற் படித்தவனும் தலைநகர மாணவனே. எனினும் மலைநாட்டிலும் வன்னியிலும் அம்முறை பல பிள்ளைகளுக்குத் திறந்துவிட்ட கதவை மறுப்பது நேர்மையன்று. அவரும் மறுப்பதில்லை. தம் கதையைச் சொல்லும்போது அந்த இடத்தில் மட்டும் சற்று நிறுத்தித் தொடர்வார், அவ்வளவுதான்.

2004 இல் சொந்தக்காரரின் வாரிசுகள் தோட்டத்தை விற்றனர். குடியிருந்தோர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு வெளியேற, அவ்விடத்தில் தொடர்மாடி எழுந்தது. வத்தளையில் அவர் வாடகைக்கு எடுத்த வீட்டின் சொந்தக்காரர் நல்ல மனிதர். மாம்பழக் காலத்தில் ஒரு கூடை அனுப்பத் தவறாதவர். ஆயினும் பதினொரு மாதத்திற்கு மேல் ஒப்பந்தம் எழுத அவர் உடன்படவில்லை. தேர்தல் இடாப்புப் படிவத்தில் இவர்களுடைய பெயரைச் சேர்க்கவும் இசையவில்லை. அவருடைய மாமனார் ஒருவர் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தமது வீட்டையே மீட்க இயலாமல் இறந்தவராம். 1980 இலும் 2002 இலும் வந்த திருத்தங்கள் பல வீடுகளை அச்சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்துவிட்டன என்று எடுத்துச் சொல்லியும் பயனில்லை. தந்தையாரைக் காத்த சட்டம் மகனின் பெயரை ஒரு படிவத்திலும் ஏறவிடாத அச்சமாக அந்த வீட்டு வாசலில் நின்றது.

அதே சொந்தக்காரர் 2007 இல் ஒருமுறை தயக்கமின்றிக் கையெழுத்திட்டார். வீட்டிலுள்ளோரின் விபரத்தைப் பொலிசார் கேட்டபோது, ஒரு மணி நேரத்துக்குள் அனைவருடைய பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் யாவும் அவர் கைப்பட எழுதப்பட்டன. அவ்வாண்டு யூன் 7ஆந் திகதி, வெள்ளவத்தை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களில் பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அவர் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போனார். வத்தளை முகவரிக்கு அவரிடமிருந்த ஒரே சான்று அதுதான்.

2008 இல் மகள் பிறந்தாள். 2013 இல் அவளுக்கு முதலாம் தர அனுமதி தேட வேண்டியதாயிற்று. அண்மையில் வதிவோர் என்ற பிரிவில் விண்ணப்பிக்க, ஐந்தாண்டுத் தேர்தல் இடாப்பும் வீட்டு உறுதியோ பதிந்த ஒப்பந்தமோ வேண்டும். இடாப்பில் அவருடைய பெயர் சில ஆண்டுகள் கொட்டாஞ்சேனையில் இடிக்கப்பட்ட வீட்டின் இலக்கத்தின்கீழ் நின்று, பின்னர் அங்கும் நீக்கப்பட்டிருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்த மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன், தம் வீட்டின் ஓர் அறையை வாடகைக்குக் கொடுத்ததாக எழுதித்தர முன்வந்தார். ஊரில் நடவாததன்று அது. மூன்று இரவுகள் யோசித்தபின் அவர் சம்மதித்தார்.

பாடசாலையிலிருந்து பார்வையிட வந்தபோது குடும்பம் அவ்வறையில் தயாராக இருந்தது. கொடியில் உடுப்புகள், மூலையில் அடுப்பு, சுவரில் நாட்காட்டி. வந்த ஆசிரியை கடுமையானவரல்லர். பிள்ளையின் தலையைத் தடவி, “மகள் எந்தக் கட்டிலிலே படுக்கிறது?” என்று கேட்டார். இரண்டு நாட்களாகப் பாடம் செய்வித்த விடையைச் சிறுமி மறக்கவில்லை. ஆனால் கேள்வி வேறாக இருந்தது. “எங்கட கட்டில் வத்தளையிலே இருக்கு, ரீச்சர்” என்றாள். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் எதையோ குறித்துக்கொண்டார். அன்று மாலை பேருந்தில் மகள் தான் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டபோது, சரியாகத்தான் சொன்னாய் என்று கூற அவருக்கு நெடுநேரம் பிடித்தது. அனுமதி கிடைக்காததைவிட, பள்ளிக்கூடம் போகுமுன் பிள்ளைக்குத் தாம் முதலிற் கற்பித்தது எது என்ற எண்ணமே அவரை வருத்தியது.

அவளுக்கு வேறொரு பாடசாலை கிடைத்தது. ஆறு மணிக்கு முன்னரே வான் வரும். பாலத்தடியில் நெரிசல் தொடங்குமுன் கடந்தாக வேண்டும். இன்றுவரை அப்படித்தான். அவள் நன்றாகப் படிக்கிறாள், கணக்கில் விசேடமாக.

2024 இல் பாடசாலை மூலம் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தார்கள். இதற்கிடையில் மாம்பழம் அனுப்பிய சொந்தக்காரர் காலமாகிவிட, பிள்ளைகள் வீட்டைக் கேட்டனர். குடும்பம் ஹெந்தளைப் பக்கமாக மாறியது. அட்டை வந்து சேர்ந்தபோது, அதிற் பொறிக்கப்பட்டிருந்த வீட்டில் வேறொரு குடும்பம் குடியிருந்தது. மகள் அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தாத்தாவின் பிஸ்கற் தகரத்திற்குள் வைத்தாள்.