காசுச் சத்தம்

ஸ்காபரோவில் மாமா கார் கழுவுற இடமொன்று நடத்துறார். பெட்டியில் ஒரு டொலர், இரண்டு டொலர் குத்திக்காசு போட்டு ஆட்களே கழுவவேணும். றோட்டு உப்பு காரை அரிக்குமெண்டு விண்டரில்தான் கூட்டம். ஞாயிறுகளில் அம்மம்மாவோடு வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டே மாமா காசு எண்ணுவார்.

போன விண்டரில் பெட்டியை உடைச்சுப்போட்டாங்கள். "போன காசைவிடப் பெட்டி மாத்தத்தான் கனக்கச் செலவு" என்றார். தடித்த பூட்டு, லைட், கமரா எல்லாம் போட்டும் திரும்ப உடைத்தார்கள். பிறகு ஒவ்வொரு இரவும் பெட்டியைக் காலியாக்கி, 'உள்ளே காசில்லை' என்று எழுதி ஒட்டினார். கடைசியில் கார்ட் மெஷின் மட்டும்தான். களவு நின்றது.

போன ஞாயிறு அம்மம்மா கேட்டா: "என்ன மோனை, காசுச் சத்தத்தைக் காணேல்லை?"

"இனி எண்ண ஒண்டுமில்லையம்மா."

அதுக்குப் பிறகு என்ன கதைக்கிறதெண்டு இரண்டு பேருக்கும் தெரியேல்லை.